அப்பாவின் சி-பாப் மெஷினில் அழுத்தத்தை நாமே மாற்றலாமா?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் இருக்கும் அப்பாவுக்கு வயது 63, எடை 94 கிலோ. ஸ்லீப் ஸ்டடியில் ஏஎச்ஐ (தூக்கத்தில் மணிக்கு எத்தனை முறை மூச்சு அடைபடுகிறது என்ற கணக்கு) 46 வந்திருக்கிறது. ஆட்டோ சி-பாப் மெஷின் (மாஸ்க் வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்வது) வாங்கி இரண்டரை மாதம் ஆகிறது. விற்றவர் அழுத்தத்தை 4–20 (குறைந்தது 4, அதிகபட்சம் 20) என்று வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார், அதற்கப்புறம் போனை எடுப்பதில்லை. அப்பா இரவு பத்தரைக்கு மாஸ்க்கை மாட்டுகிறார், இரண்டு மணிவாக்கில் தூக்கக் கலக்கத்திலேயே கழற்றிப் போட்டுவிடுகிறார், ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறார். காலையில் வாய் வறண்டு கிடக்கிறது. பகலில் பேப்பர் படிக்கும்போதே கண் சொக்குகிறது. மெஷின் காட்டும் ஏஎச்ஐ 11. மகன் எஸ்டி கார்டை எடுத்து ஆஸ்கர் மென்பொருளில் போட்டுப் பார்த்திருக்கிறார்: அழுத்தத்தின் இடைநிலை அளவு (பாதி நேரம் இதற்குக் கீழே, பாதி நேரம் மேலே) 8.4, 95 சதவீத அளவு 11.6, கசிவின் 95 சதவீத அளவு நிமிடத்துக்கு 38 லிட்டர். டாக்டரைப் பார்க்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. "அதற்குள் நாமே செட்டிங்கை மாற்றலாமா? எதை, எவ்வளவு?"

நான் டாக்டர் இல்லை. தூக்க ஆய்வகத்தில் பதினான்கு வருடமாக டெக்னீஷியன். இராத்திரி முழுக்கக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கம் தூங்குபவருக்கு அழுத்தம் ஏற்றி இறக்குவதுதான் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மாற்றலாம். ஆனால் இந்த எண்களைப் பார்த்தால் நான் முதலில் கை வைப்பது அழுத்தத்தில் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மெஷின் காட்டும் 11 என்பது மாஸ்க் மாட்டியிருந்த மூன்றரை மணி நேரத்துக்கு மட்டுமான சராசரி. கழற்றியபின் மெஷினுக்கு எதுவும் தெரியாது. இரண்டிலிருந்து ஐந்து வரை அப்பா பழையபடி மணிக்கு 46 முறை மூச்சு அடைபட்டுத்தான் தூங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை மணிக்கு 38 தடவை, மீதி மூன்று மணிக்கு 138 தடவை, ஆக 176. ஆறரை மணி நேரத்தால் வகுத்தால் 27. அப்பாவின் உண்மையான இரவு இதுதான்.

இப்போது அழுத்தத்தை எப்படியோ துல்லியமாகச் சரிசெய்து, மாட்டியிருக்கும் நேரத்தில் ஏஎச்ஐ சுழியம் என்றே ஆக்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். அப்போதும் இரண்டு மணிக்குக் கழற்றினால் கணக்கு 21-க்குத்தான் வரும். மாறாக, எந்த செட்டிங்கையும் தொடாமல் ஐந்து மணி வரை மாட்டியிருந்தாலே 11-க்கு வந்துவிடும். அதனால் செட்டிங்கை மாற்றுவது ஏஎச்ஐயைக் குறைப்பதற்காக என்று நினைக்காதீர்கள். அப்பா கழற்றாமல் இருப்பதற்காக மாற்றுங்கள். இரண்டு நோக்கமும் பல இடத்தில் ஒன்றாகத்தான் போகும். எங்கே பிரிகிறதோ அங்கே இரண்டாவதன் பக்கம் நில்லுங்கள்.

இன்னொன்று. கனவு வரும் தூக்கம் இரவின் பின்பாதியில்தான் நீளமாக வரும். அந்த நேரத்தில் தொண்டைத் தசை இன்னும் தளர்ந்துவிடும். பலருக்கு மூச்சடைப்பு உச்சத்துக்குப் போவது விடிகாலை மூன்றிலிருந்து ஐந்துக்குள். சரியாக அந்த நேரத்தில் மாஸ்க் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதனால் மேலே போட்ட 27 கூட கொஞ்சம் தாராளமான கணக்குதான்.

சரி, ஏன் கழற்றுகிறார்? 38 லிட்டர் என்ற எண்ணைப் பாருங்கள். மாஸ்க்கில் இருக்கும் சின்னத் துளைகள் வழியே வெளியேறும் காற்று இதில் சேராது. அது போக வேண்டிய காற்று, நாம் விட்ட கரியமில வாயுவை அதுதான் வெளியேற்றுகிறது. ரெஸ்மெட் மெஷின்கள் அதைக் கழித்துவிட்டு மிச்சக் கசிவை மட்டும் காட்டும். 24 லிட்டரைத் தாண்டினால் அதிகம் என்று அர்த்தம். சில கம்பெனி மெஷின்கள் கழிக்காமல் மொத்தமாகக் காட்டும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் மெஷினில் வரும் கசிவு எண்ணோடு உங்களுடையதை ஒப்பிட வேண்டாம்.

கசிவு இவ்வளவு இருக்கும்போது மெஷின் பாதிக் குருடு. மூச்சுக் காற்றின் வடிவத்தைப் பார்த்துத்தான் அது "இது அடைப்பு, இது குறட்டை" என்று கணிக்கிறது. மாஸ்க் ஓரத்தில் காற்று சீறிக்கொண்டிருந்தால் அந்த வடிவம் கலங்கிவிடும். ஆகவே இன்றைக்கு நீங்கள் வைத்திருக்கும் 11, 8.4, 11.6 எல்லாமே கொஞ்சம் சந்தேகத்துக்குரியவை. அதை நம்பி அழுத்தத்தை மாற்றினால், சரியாக நிற்காத தராசில் நிறுத்து விலை சொல்வது மாதிரி ஆகும்.

அப்பாவின் இரவு ஏறக்குறைய இப்படிப் போகும்: படுக்கும்போது 4. அது அவர் உடம்புக்குப் போதாது, மூச்சு இழுக்கக் காற்று பத்தாத மாதிரி இருக்கும். தூங்கியதும் அடைப்பு வருகிறது, மெஷின் அழுத்தத்தை ஏற்றுகிறது. 10, 11, 13. அழுத்தம் ஏறியதும் மாஸ்க் மூக்குத்தண்டில் லேசாகத் தூக்குகிறது, காற்று கண்ணுக்குள் ஊதுகிறது. இன்னொரு பக்கம் வாய் திறந்துகொண்டு காற்று அந்த வழியாகவும் போகிறது. பாதி விழிப்பு வருகிறது. முகத்தில் ஏதோ சீறுகிறது, வாய் வறண்டிருக்கிறது. கை தானாகப் போய் மாஸ்க்கை இழுத்துப் போட்டுவிடுகிறது. காலையில் கேட்டால் அவருக்கு ஞாபகமே இருக்காது. அவரைத் திட்டாதீர்கள்.

முதல் வாரம் முழுக்க மாஸ்க்குக்குக் கொடுங்கள். நிறையப் பேர் உட்கார்ந்தபடி, மெஷினை ஆன் பண்ணாமல், பட்டையை இறுக்கிப் பார்க்கிறார்கள். படுத்தால் கன்னச் சதை பக்கவாட்டில் சரியும், முகத்தின் வடிவமே வேறு. அப்பாவைப் படுக்க வையுங்கள். மெஷினை ஓட விடுங்கள். ரெஸ்மெட்டில் 'மாஸ்க் ஃபிட்' என்று ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் இரவில் வரும் அளவுக்கு அழுத்தத்தை ஏற்றிக் காட்டும். பட்டைகளைத் தளர்த்திவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் அளவு முன்னால் இழுத்து, மெத்தைப் பகுதி காற்றில் உப்பியதும் மெதுவாக முகத்தில் உட்கார விடுங்கள். அப்புறம் இரண்டு பக்கமும் சமமாக, காற்று நிற்கும் வரை மட்டும் இறுக்குங்கள். இறுக்க இறுக்கக் கசிவு நிற்கும் என்பது தப்பு. அந்த ரப்பர் உப்பி நின்றால்தான் முகத்தோடு ஒட்டும், நசுக்கிவிட்டால் மடிந்து வழிவிடும். காலையில் மூக்குத்தண்டில் சிவப்புத் தழும்பு இருந்தால் அளவுக்கு மீறி இறுக்குகிறீர்கள். அல்லது மாஸ்க் சைஸே தப்பு.

நம் ஊருக்கே உரிய ஒரு காரணம் உண்டு: எண்ணெய். படுக்கும் முன் முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், வலிக்குத் தைலம். எதுவானாலும் சிலிக்கான் வழுக்கும். படுக்கும் முன் முகத்தைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைக்கட்டும். மாஸ்க்கின் மெத்தையைத் தினமும் காலையில் சாதாரண சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிடுங்கள். தாடி இருந்தால் அது தனிப் பஞ்சாயத்து. மூக்குத் துளையில் மட்டும் உட்காரும் சின்ன 'நேசல் பில்லோ' மாஸ்க் அவர்களுக்குச் சில சமயம் ஒத்துவரும்.

வாய் வறட்சியைப் பார்த்தால், வாய் வழியாகவும் காற்று போகிறது என்றுதான் தோன்றுகிறது. உடனே வாயையும் மூடும் முழு மாஸ்க்குக்குப் போகச் சொல்வார்கள். நான் அதைக் கடைசியில்தான் சொல்வேன். முழு மாஸ்க் தாடையைப் பின்னால் தள்ளும், பலருக்கு அதனாலேயே இன்னும் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். கசிவதற்கான ஓரமும் அதிகம். வாய் ஏன் திறக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் மூக்கு அடைத்திருக்கும். படுக்கும் முன் உப்புத் தண்ணீர் ஸ்ப்ரே, ஈரப்பதத்தை ஒரு படி ஏற்றுவது, அதற்கும் கேட்காவிட்டால் காது-மூக்கு-தொண்டை டாக்டர். மூக்கு திறந்தால் பாதிப் பேருக்கு மேல் வாய் தானாக மூடிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். உதட்டில் டேப் ஒட்டுவது இணையத்தில் பிரபலம். மூக்கு அடைப்பு இருப்பவருக்கும், நெஞ்செரிச்சல், வாந்தி வரக்கூடியவருக்கும், தானே பிய்த்தெடுக்க முடியாதவருக்கும் அது ஆபத்து. 63 வயதில் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

தலையணையையும் பாருங்கள். என் மாமா ஒருவருக்கு எந்த அழுத்தத்திலும் இரவில் இரண்டு மூன்று இடத்தில் கொத்தாக அடைப்பு வந்துகொண்டிருந்தது. மற்ற நேரமெல்லாம் வரைபடம் சுத்தம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் இலவம்பஞ்சுத் தலையணை, கல் மாதிரி, ஒன்றுக்கு இரண்டாக அடுக்கியிருந்தார். மல்லாந்து படுத்தால் தாடை நெஞ்சில் முட்டுகிறது. தண்ணீர்க் குழாயை மடக்கிப் பிடித்தமாதிரி தொண்டை மடிந்திருந்தால் காற்றழுத்தம் என்ன செய்யும்? ஒரு தலையணையை எடுத்துவிட்டோம், அந்தக் கொத்துகள் போய்விட்டன. ஆஸ்கரில் அடைப்புகள் இரவு முழுக்கச் சிதறி இருக்கின்றனவா, அல்லது அரைமணி நேரம் கொத்தாக வந்து போகின்றனவா என்று பாருங்கள். கொத்தாக இருந்தால் அழுத்தத்தைத் தொடும் முன் அவர் எப்படிப் படுத்திருந்தார் என்று பாருங்கள்.

இனி அழுத்தம். இந்த எண்களின் அளவு என்ன என்பது பலருக்குத் தெரியாததால்தான் பயமோ அலட்சியமோ வருகிறது. உயரமான டம்ளரில் தண்ணீர் நிரப்பி, ஸ்ட்ராவைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதுங்கள். குமிழி வர எவ்வளவு ஊத வேண்டியிருக்கிறதோ அதுதான் 10. அவ்வளவுதான் விஷயம். நுரையீரலுக்குள் காற்றை அடித்து ஏற்றுகிற மெஷின் இல்லை இது. தொண்டை சரிந்து மூடாமல் உள்ளிருந்து முட்டுக்கொடுக்கிறது. சிட்னியில் காலின் சல்லிவன் 1980-இல் இதை முதலில் செய்தபோது வாக்குவம் கிளீனர் மோட்டாரைத்தான் காற்றை வெளியே தள்ளும்படி மாற்றிப் பயன்படுத்தினார். 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான அந்தக் கட்டுரையில் இருந்தவர்கள் ஐந்தே பேர், அவர்களுக்குத் தேவைப்பட்ட அழுத்தம் 4.5-க்கும் 10-க்கும் நடுவில். ஐந்து பேருக்கும் ஐந்து விதம்.

ஆய்வகத்தில் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்கிறேன், வீட்டில் செய்யப்போவது புரியும். 4-இல் ஆரம்பிப்போம். திரையில் மூச்சுக் காற்றின் கோடு மலைமலையாக ஓடும். ஆள் தூங்கியதும் மலையின் உச்சி தட்டையாகும். மேசை மாதிரி. தொண்டை குறுகிவிட்டது என்பதற்கு முதல் அடையாளம் அதுதான், குறட்டைகூட அதற்கப்புறம். பிறகு கோடு படுத்துவிடும். பத்து செகண்ட், இருபது, முப்பது. நெஞ்சில் கட்டிய பட்டை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், காற்று போகாது. ஆக்சிஜன் 94-லிருந்து 80-க்கு இறங்கும். பழகாத புது டெக்னீஷியன் நாற்காலியிலிருந்து எழுந்தே விடுவார். ஒரு சென்டிமீட்டர் ஏற்றுவோம். குறைந்தது ஐந்து நிமிடம் காத்திருப்போம். மறுபடி ஒன்று. ஒரு கட்டத்தில் மேசை மறுபடி மலையாகி, உச்சி உருண்டையாகும். அங்கே நிறுத்துவோம். ஆனால் அத்துடன் முடியாது. அதே ஆள் மல்லாந்து படுத்துக் கனவு காணும்போதும் அந்த அழுத்தம் தாங்குகிறதா என்று பார்த்தபின்தான் எண்ணைத் தாளில் எழுதுவோம்.

ஆட்டோ மெஷின் இதையே தானாகச் செய்ய முயல்கிறது. ஆனால் அது எப்போதும் வந்த பிரச்சினைக்குப் பின்னால் ஓடுகிறது. 4-இல் இருக்கும்போது அடைப்பு வந்தால், தேவையான 10-க்கு ஏறச் சில நிமிடம் ஆகும். அதற்குள் நாலைந்து அடைப்பு நடந்து முடிந்திருக்கும். அப்புறம் எல்லாம் அமைதியானதும் மெல்ல இறங்கும், மறுபடி அடைப்பு, மறுபடி ஏற்றம். இரவெல்லாம் இந்த ஊஞ்சல்தான். 4–20 என்பது ஃபேக்டரியில் வைத்து அனுப்பும் எண். புது ஆளுக்கு எவ்வளவு தேவை என்று ஒரு வாரம் வேவு பார்க்க அது சரி. இரண்டரை மாதமாக அதிலேயே விட்டுவைத்திருப்பது மாத்திரை டப்பாவைத் திறந்தே பார்க்காமல் அலமாரியில் வைப்பதுபோல.

ஆகவே மாற்ற வேண்டியது கீழ் எண்ணை. பெரும்பாலானோர் மேல் எண்ணைத்தான் கவலையோடு பார்க்கிறார்கள், "20 வரை போய்விடுமோ" என்று. அப்பாவின் 95 சதவீத அளவு 11.6. அதாவது இரவின் நூற்றில் 95 பங்கு நேரம் மெஷின் 11.6-ஐத் தாண்டவே இல்லை. 20 அவருக்கு வெறும் அலங்காரம். அதை 14-க்கு இறக்கலாம், கசிவால் ஏமாந்து மெஷின் மேலே ஓடுவதைத் தடுக்கும் என்பதைத் தவிர பெரிய பலன் இல்லை. கீழ் எண்தான் அவர் தொண்டையை அடைப்பு வரும் முன்பே திறந்து வைத்திருக்கும்.

இப்படிச் செய்யுங்கள். மாஸ்க்கைச் சரிசெய்த ஒரு வாரம் கழித்து மறுபடி கார்டைப் பாருங்கள். கசிவு 24-க்குக் கீழே வந்திருந்தால் அந்த வாரத்து எண்கள்தான் நம்பத் தகுந்தவை. இடைநிலை அளவு அப்போதும் 8 சொச்சம் இருந்தால், கீழ் எண்ணை 4-லிருந்து 6 ஆக்குங்கள். நாலைந்து இரவு போகட்டும். அப்புறம் 7. அதற்கு மேல் ஏஎச்ஐ 5-க்கு மேலேயே நின்றால், அதிலும் அடைப்பும் அரை அடைப்புமே அதிகமாக இருந்தால், அரை அரையாக 8 வரை போகலாம். 4-லிருந்து ஒரே நாளில் 9-க்குத் தாவாதீர்கள். தொண்டை ஒத்துக்கொள்ளும், மனுஷர் ஒத்துக்கொள்ளமாட்டார். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அழுத்தம், மாஸ்க், தலையணை எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றிவிட்டு "நல்லாயிருக்கு" என்றால் எது நல்லது செய்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஓர் இரவின் எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட இரவும், சளி பிடித்த இரவும், ஒரு பெக் போட்ட இரவும் தனிக்கதை.

வீட்டிலேயே இப்படிச் செய்வது பைத்தியக்காரத்தனம் இல்லை. கனடாவில் 2003-இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில் நோயாளிகளே வீட்டில் தங்கள் அழுத்தத்தை மாற்றிக்கொள்ள விட்டுப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் கண்டுபிடித்த அழுத்தத்துக்கு இணையாகவே பலன் இருந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் 18 பேர், அவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று முதலில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் மருந்துச் சீட்டில் இருக்கும் எண்ணை மாற்றுகிறோம் என்பதை டாக்டருக்கு ஒரு வாட்ஸ்அப்பாவது போட்டுவிட்டுச் செய்யுங்கள். "4–20-இல் இருக்கிறது, கசிவு இவ்வளவு, 95 சதவீதம் இவ்வளவு, கீழ் எண்ணை 6 ஆக்கலாமா?" என்று எண்களோடு கேட்டால் எங்கள் டாக்டர்கள் பெரும்பாலும் அன்றைக்கே பதில் போடுவார்கள். "அப்பாவுக்குத் தூக்கம் சரியில்லை" என்று கேட்டால் "வாங்க பார்க்கலாம்" என்றுதான் வரும்.

அழுத்தம் மாற்றும் பகுதி சாதாரண மெனுவில் இருக்காது, கிளினிக்கல் மெனுவில் இருக்கும். ரெஸ்மெட்டின் ஏர்சென்ஸ் 10 என்றால் ஹோம் பட்டனையும் திருகும் பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே போனதும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். குழப்பமானால் பழைய இடத்துக்குத் திரும்ப அதுதான் வழி. மோடு என்று இருப்பதைத் தொடாதீர்கள்.

அதே மெனுவில் ஈபிஆர் என்று இருக்கும். மூச்சு விடும்போது மட்டும் அழுத்தத்தை 1, 2 அல்லது 3 குறைத்துக்கொடுக்கும். "மூச்சு விட எதிர்க்காற்றாக இருக்கிறது" என்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஒரு சூட்சுமம்: தொண்டை சரிவது பெரும்பாலும் மூச்சு விட்டு முடிக்கும் இடத்தில்தான். கீழ் எண் 7, ஈபிஆர் 3 என்றால் அந்த இடத்தில் முட்டு 4 மட்டுமே. ஈபிஆர் போட்டதும் ஏஎச்ஐ கூடினால் காரணம் இதுதான். ஈபிஆரை எவ்வளவு ஏற்றுகிறீர்களோ கிட்டத்தட்ட அவ்வளவு கீழ் எண்ணையும் ஏற்ற வேண்டிவரும். அப்பா கேட்காவிட்டால் போடவேண்டாம். கேட்டால் 2 வைத்துப் பாருங்கள்.

ரேம்ப் என்பது தூங்கும் வரை குறைந்த அழுத்தத்தில் வைத்திருக்கும் வசதி. 45 நிமிடம் என்று வைத்திருந்தால், பத்தே நிமிடத்தில் தூங்கிவிடும் அப்பாக்கள் மீதி 35 நிமிடம் சிகிச்சையே இல்லாமல் குறட்டை விடுவார்கள். 'ஆட்டோ' என்று வைத்து, தொடக்க அழுத்தத்தை 5 ஆக்குங்கள். தூங்கியதை மெஷினே கண்டுபிடித்து ஏற்றிக்கொள்ளும்.

இப்போது எச்சரிக்கை. மெஷின் அடைப்பை இரண்டாகப் பிரித்துக் காட்டும். ஒன்று தொண்டை மூடுவதால். இன்னொன்று, தொண்டை திறந்தே இருக்கும், மூளை மூச்சு விடச் சொல்ல மறந்துவிடும். இரண்டாவதற்கு சென்ட்ரல் என்று பெயர், ஆஸ்கரில் 'கிளியர் ஏர்வே' என்று வரும். அப்பாவுக்கு இது எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை, பாருங்கள். ஒன்று, இரண்டு எல்லாருக்கும் இருக்கும். விழித்துப் புரண்டு படுக்கும்போது மூச்சை அடக்கினால்கூட மெஷின் அப்படித்தான் எழுதும், நீங்கள் விழித்திருப்பது அதற்குத் தெரியாது. ஆனால் அழுத்தத்தை ஏற்ற ஏற்ற இந்த எண் 5, 8 என்று ஏறினால் உடனே பழைய அளவுக்குத் திரும்பிவிடுங்கள். இதற்கு அழுத்தம் மருந்தில்லை, சிலருக்கு அதுவே காரணம். நிறையப் பேருக்குச் சில வாரங்களில் தானாக அடங்கும். அடங்கியதா என்று முடிவு செய்யவேண்டியவர் டாக்டர்.

சிலர் தாமாக எதையும் மாற்றவே கூடாது. இதயத்தின் பம்ப் திறன் குறைந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பவர்கள், உடல் பருமனால் இரத்தத்தில் கரியமில வாயு கூடியவர்கள், டிரமடால், மார்பின் போன்ற வலி மருந்து எடுப்பவர்கள், எப்போதாவது நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று வெளியேறியவர்கள், பை-பாப் (மூச்சு இழுக்க ஒன்று, விட ஒன்று என இரண்டு அழுத்தம் தருவது) அல்லது ஏஎஸ்வி (ஒவ்வொரு மூச்சையும் பார்த்து அழுத்தத்தை மாற்றுவது) மெஷின் வைத்திருப்பவர்கள். சும்மா பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சென்ட்ரல் வகை அதிகமுள்ள இதய நோயாளிகளுக்கு ஏஎஸ்வி மெஷின் நல்லது செய்யும் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். 2015-இல் செர்வ்-எச்எஃப் ஆய்வு வந்தபோது, இதயத்தின் பம்ப் திறன் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தவர்களிடம் இதய நோயால் இறப்பு அதிகமானது தெரிந்தது. வரைபடத்தில் எண்கள் அழகாகக் குறைந்திருந்தன. அப்பாவுக்கு எக்கோ எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.

வயிறு உப்பி ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்குகிறார். கீழ் எண்ணை அரை இறக்குங்கள், இடது பக்கம் படுக்கச் சொல்லுங்கள்.

ஈரப்பதத்துக்கு வருவோம். ஏசியை 20-இல் வைத்துக்கொண்டு ஹியூமிடிஃபையரை 6-இல் வைத்தால், நடுராத்திரியில் குழாய்க்குள் தண்ணீர் சேர்ந்து கொப்பளிக்கும், ஒரு சொட்டு மூக்கில் விழுந்தால் போதும், அன்றைக்கு மாஸ்க் கட்டிலுக்கு அடியில்தான். ஏசியை 26-க்கு ஏற்றுங்கள், குழாயைப் போர்வைக்குள் விடுங்கள் அல்லது பழைய துணியைச் சுற்றுங்கள், மெஷினைத் தலைமாட்டைவிடத் தாழ்வாக வையுங்கள். ஏசி இல்லாத அறையில், மழைக்காலத்தில், 1 அல்லது 2 போதும். டிஸ்டில்டு வாட்டர் மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் கேனிலிருந்து ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாய்க்கென்று தயாரித்தது இல்லை. போர் தண்ணீர் ஊற்றினால் ஒரே வாரத்தில் தொட்டியில் வெள்ளைப் படலம் தெரியும். ஓசோன் போட்டுச் சுத்தம் செய்யும் பெட்டிகள் வேண்டவே வேண்டாம்.

அம்மாக்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கரண்ட் போனால் மூச்சு முட்டிடாதா?" முட்டாது. மூக்கு மாஸ்க்கில் வாய் திறந்தே இருக்கிறது, முழு மாஸ்க்கில் வெளிக்காற்று வர ஒரு வால்வு திறக்கும். இன்வெர்ட்டரில் ஓட்டலாம், சைன் வேவ் ஆக இருந்தால் நல்லது. பேட்டரி சீக்கிரம் தீர்ந்தால் ஹியூமிடிஃபையர் சூட்டை அணைத்துவிடுங்கள், கரண்ட்டைக் குடிப்பது அதுதான்.

எண்கள் எல்லாம் சரியான பிறகும் பகலில் கண் சொக்கினால்? ஆறரை மணி நேரத் தூக்கமே அவருக்குப் போதாமல் இருக்கலாம். தைராய்டு, பி12, இரவில் போடும் மாத்திரைகள் என்று வேறு பக்கம் தேடவேண்டியிருக்கும். எதுவானாலும் கண் சொக்குவது நிற்கும் வரை வண்டி ஓட்ட விடாதீர்கள், பக்கத்துத் தெருவுக்குக்கூட.

ஆறு வாரம் கழித்து டாக்டரிடம் போகும்போது அச்சடித்த காகிதக் கட்டு வேண்டாம். ஒரு தாளில் வாரத்துக்கு ஒரு வரி: எத்தனை மணி நேரம் மாட்டினார், கசிவு, 95 சதவீத அழுத்தம், ஏஎச்ஐ, அதில் சென்ட்ரல் எவ்வளவு, அந்த வாரம் எதை மாற்றினீர்கள். வரியின் முதல் கட்டத்தில் மணி நேரத்தை எழுதுங்கள். 2016-இல் வந்த சேவ் ஆய்வில் 2,700-க்கு மேற்பட்டவர்களைச் சேர்த்தும் சி-பாப்பால் மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. அதில் சி-பாப் கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக மாட்டியது இரவுக்கு 3.3 மணி நேரம். முடிவுக்கு அதுவும் ஒரு காரணம் என்ற பேச்சு இன்றைக்கும் ஓடுகிறது. அப்பா இப்போது மூன்றரையில் இருக்கிறார்.

கார்டை எடுக்கும்போது ஒரு விஷயம். பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டை 'லாக்' பக்கம் தள்ளிவிட்டு கம்ப்யூட்டரில் செருகுங்கள், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அதில் எதையாவது எழுதிவைத்து மெஷின் கார்டை ஏற்க மறுக்கும். ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மறுபடி மெஷினில் போடும் முன் பூட்டைத் திறக்க மறக்காதீர்கள். மறந்தால் கார்டில் எழுத முடியவில்லை என்று மெஷினே சொல்லும், அப்பா படுக்கப்போகும் நேரமாகப் பார்த்து.